ஈகையா, ஒப்புரவா?

வள்ளுவர் இல்லறவியலில் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை அடுத்து ஈகை என மற்றோர் அதிகாரம் வகுத்தார். முன்னது 22ஆவது, பின்னது 23ஆவது. இரண்டும் பிறர்க்கு உதவுதலைப் பற்றியனவே. அங்ஙனமாயின் ஒன்றே போதாதா, இரண்டு எதற்கு என்னும் ஐயம் பள்ளியில் குறள் பயின்ற பலர்க்கும் எழுந்திருக்கும். ஈகை என்பது, இல்லை என்று வந்து நின்றவர்க்கு உள்ளவர் மனமிரங்கிக் கொடுப்பது. ஒப்புரவு என்பது, உலகத்தோடு கூடி வாழ்பவன் அவ்வாழ்க்கையின் முறைமையை உணர்ந்து ஆற்றும் கடமை. முன்னதில் கொடுக்கும் கை மேலும், வாங்கும் கை கீழும் இருக்கும். பின்னதில் மேல் கீழ் இல்லை. ஊர்ப் பொதுக்குளத்தில் நீர் முகப்பவள் யாருக்கும் கைகூப்பிவிட்டுக் குடத்தை இறக்குவதில்லை அன்றோ?

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. கண் தெரியாத மாணவன், காது கேளாத மாணவி, நடக்க இயலாத சிறுவன், எழுத்துகள் இடம்மாறித் தோன்றுவதால் வாசிக்கத் திணறும் சிறுமி ஆகியோர் பள்ளி வாயிலில் வந்து நிற்கும்போது, அவர்களுக்கு நாம் செய்வது ஈகையா, ஒப்புரவா? இக்கேள்விக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே அவர்களுடைய வாழ்வு அமைகின்றது.

முன்பு அவர்களை ஊனமுற்றோர் என்றோம். இன்று மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். வடபுலத்தில் திவ்யாங் என்கின்றனர். பெயர் மாறியது நன்றே. எனினும் பெயரை மாற்றுதல் எளிது. பள்ளியை மாற்றுதல் அரிது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர் எனக் கண்டனர். அவர்களுள் 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் கல்விக்கூடம் சென்றுகொண்டிருந்தவர்கள் 61 விழுக்காட்டினர். ஒருநாளும் பள்ளியின் வாயிலை மிதிக்காதவர்கள் 27 விழுக்காட்டினர். நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை கல்வியின் வாடையே அறியாமல் வளர்ந்தன என்பது இதன் பொருள்.

இருவகை விண்ணப்பங்கள்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோப்புகளோடு வாழ்ந்து வரும் எழுத்தன் நான். என் மேசைக்கு வரும் விண்ணப்பங்கள் இருவகைப்படும். "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன்" என முடிவது ஒரு வகை. "இன்ன விதியின் இன்ன உட்பிரிவின்படி எனக்குரியதை வழங்குமாறு கோருகிறேன்" என முடிவது மற்றொரு வகை. முதல் வகையின் தலையெழுத்தை அதிகாரியின் அன்றைய மனநிலை தீர்மானிக்கும். அவர் நல்லவராயின் ஒரு வாரத்தில் ஆணை பிறக்கும். இல்லையேல் கோப்பு உறங்கும். இரண்டாம் வகையை அதிகாரி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மறுப்பதாயின் காரணம் எழுதியாக வேண்டும். காரணம் எழுதத் தொடங்கும்போதே அநீதி பாதி அடங்கிவிடுகின்றது.

எங்கள் குடியிருப்பில் பார்வை மங்கிய சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் அவனை முதல் வரிசையில் அமரச் செய்தார். வினாத்தாளைப் பெரிய எழுத்தில் படியெடுத்துக் கொடுக்கச் சொன்னார். பெற்றோர் அவரைத் தெய்வமெனப் போற்றினர். இரண்டாண்டில் அவர் மாறிச் சென்றார். அடுத்து வந்தவரும் கெட்டவரல்லர், ஒழுங்கை விரும்பியவர். "ஒருவனுக்கு மட்டும் சலுகை தந்தால் மற்றவர்க்கு என்ன விடை சொல்வேன்?" என்று கேட்டார். பெரிய எழுத்து வினாத்தாள் நின்றது. பையனின் கண்களில் எம்மாற்றமும் இல்லை. நாற்காலியில் அமர்ந்தவர் மாறினார், அவ்வளவே. அந்த ஆண்டு அவன் கணக்கில் தவறினான். முன்பு வந்த உதவி ஈகையாக வந்தது. ஆதலால் ஈந்தவரோடு அது போய்விட்டது.

இதற்கு மாறான ஒன்றையும் எம் அலுவலக வாழ்விலேயே காணலாம். மத்திய அரசு ஊழியர்க்குக் குழந்தைகள் கல்விப் படி உண்டு. மாற்றுத்திறன் குழந்தையாயின் அப்படி இருமடங்கு. அதனைப் பெறும் எந்தத் தந்தையும் கணக்குப் பிரிவின் முன்னால் கைகட்டி நின்றதை நான் கண்டதில்லை. அத்தகைய குழந்தையைப் பேணும் ஊழியர் வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்குக் கோரவும் ஆணைகள் உள்ளன. அவற்றைக் கேட்கும்போது அவர் குரல் தாழ்வதில்லை. குரல் தாழாமல் கேட்க முடிவதே உரிமையின் முதல் அடையாளம் என்பேன்.

மொழியறியாப் பிள்ளை

வெளிமாநிலத்தில் வாழும் தமிழராகிய நமக்கு இச்செய்தியை விளக்க வெளியே எங்கும் சான்று தேட வேண்டியதில்லை. மாற்றல் ஆணை பெற்று வடக்கே வந்த குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஊரில் ஓயாது பேசிக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பிள்ளை, இங்கே முதல் வகுப்பில் அமர்ந்ததும் வாய்மூடிப் போகின்றது. ஆசிரியை சொல்வது புரியவில்லை. கரும்பலகையில் எழுதுவது விளங்கவில்லை. தாகம் என்று சொல்லவும் சொல் இல்லை. அப்பிள்ளையை அந்த ஆண்டு மந்தபுத்தியுடையது என்று யாரேனும் எழுதி வைத்தால் நாம் ஒப்புவோமா? "குறை பிள்ளையிடம் இல்லை, பள்ளியின் மொழி அதன் மொழியாக இல்லை, அவ்வளவே" என்று வாதாடுவோம் அல்லவா?

அவ்வாறு வாதாடியவர்களே நம் முன்னோர். வெளிமாநிலங்களில் தமிழ்ப் பள்ளிகளை நடத்தியதும், தமிழைப் பாடமாக வைக்கக் கேட்டதும் பிச்சை என்று அவர்கள் கருதவில்லை. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய முயல வேண்டும் என்று, 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் நம் அரசியலமைப்பில் சேர்ந்த 350-அ உறுப்பு கூறுகின்றது. இதைச் சலுகை என்று நம்மில் யாரும் சொல்வதில்லை.

அதே அளவுகோலைக் காது கேளாத சிறுமியின் வகுப்பறைக்கும் கொண்டு செல்வோம். அவளுடைய மொழி சைகை மொழி. பள்ளி அவளிடம் ஒலியால் மட்டுமே பேசுகின்றது. அவள் விடையளிக்கவில்லை என்றால் குறை யாரிடம்? கண் தெரியாத சிறுவனுக்குப் பள்ளி அச்சுப் புத்தகத்தை மட்டுமே நீட்டுகின்றது. சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்கு அறிவியல் கூடத்தை மாடியில் வைத்துவிட்டு, அவள் அறிவியலில் ஆர்வம் காட்டவில்லை என்று குறிப்பெழுதுகின்றது. உடலில் ஒரு குறை இருப்பது மெய். ஆயினும் அவர்களைக் கல்லாதவர் ஆக்கியதில் பள்ளியின் அமைப்புக்கும் பெரும் பங்கு உண்டு.

"நம் பிள்ளை ஆறு மாதத்தில் இந்தி கற்றுக்கொண்டுவிடும், கண் தெரியாதவனுக்குக் கண் வந்துவிடுமா?" என்று கேட்கலாம். வாராதுதான். ஆதலால் பள்ளியின் கடமை நீளுகின்றதேயன்றிக் குறைவதில்லை. தானே நீங்கிவிடும் இடரைக் களைய முன்வரும் நாம், தானே நீங்காத இடரைக் கண்டு விலகிப் போவது என்ன முறை?

ஈண்டு ஒரு செய்தி சொல்லத் தோன்றுகின்றது. இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவாக 1951இல் ஏற்கப்பெற்ற புள்ளியெழுத்து முறைக்குப் பாரதி பிரெயில் என்று பெயர். ஓர் ஒலிக்கு எம்மொழியிலும் பெரும்பாலும் ஒரே புள்ளியமைப்பு என்பது அதன் அடிப்படை. தமிழின் ககரமும் இந்தியின் ககரமும் கண்ணுக்கு வேறு வேறு. விரல் நுனிக்கோ ஒன்றே. இடப்பக்க வரிசையின் முதற்புள்ளியும் மூன்றாம் புள்ளியும் சேர்ந்தால் இரு மொழியிலும் அது ககரமாகும். கண்ணுடைய நம் பிள்ளைகள் இரு நெடுங்கணக்குகளின் நடுவே திண்டாட, பிரெயில் கற்ற பிள்ளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் செல்லக்கூடும். ஏற்பாடு பொருத்தமாக அமைந்தால், குறை என்று நாம் எண்ணியது எத்துணை சுருங்கிவிடுகின்றது!

முதுகில் எழுதிய எழுத்து

நம் இலக்கிய வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வையற்றவர். அவருடைய முதுகில் எழுத்துகளை எழுதிக் காட்டிக் கற்பித்தனர் என்பது மரபுவழிச் செய்தி. அந்த ஆசிரியர் யார் என்று நாம் அறியோம். ஆயினும் அவர் செய்ததன் அருமையை எண்ணிப் பாருங்கள். கண் இல்லாதவனுக்குக் கல்வி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கண் வழியே போகாத எழுத்தைத் தோல் வழியே செலுத்தினார். மாணவனை மாற்ற முயலாமல் கற்பிக்கும் முறையை மாற்றினார். பிரான்சு நாட்டில் லூயி பிரெயில் 1824இல் தம் பதினைந்தாம் வயதில் வகுத்த புள்ளியெழுத்தும், தொட்டு அறியலாம் என்னும் இவ்வுண்மையின் மேலேயே எழுந்தது.

இரட்டைப் புலவர்களின் கதையும் நாம் அறிந்ததே. ஒருவர் கால் முடவர். மற்றவர் கண் இல்லாதவர். நடக்க இயலாதவரைப் பார்வையற்றவர் தோளில் சுமந்தார். மேலிருந்தவர் வழி காட்டினார். ஒருவர் பாடலின் முற்பகுதியைத் தொடங்க, மற்றவர் முடிப்பார் என்பர். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் தந்தவை. அவ்விருவருள் ஈந்தவர் யார், பெற்றவர் யார் என்று எவரேனும் பிரித்துக் கூற முடியுமா?

இவற்றைச் சொல்லி நாம் பெருமிதம் கொள்வதோடு நின்றுவிடலாகாது. முதுகில் எழுத ஓர் ஆசிரியர் வாய்க்காத பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பர்! அவர்களுக்கு வரலாற்றில் இடமில்லை. நல்லாசிரியர் வாய்ப்பது நற்பேறு. நற்பேற்றை நம்பி ஒரு நாட்டின் கல்வியை அமைத்தல் இயலாது. 1885இல் பம்பாயில் காது கேளாதோர்க்கும், 1887இல் அமிருதசரசில் பார்வையற்றோர்க்கும் பள்ளிகள் தோன்றின. நம் பாளையங்கோட்டையில் 1890இல் பார்வையற்றோர் பள்ளி எழுந்தது. இவை சமயத் தொண்டர்களின் அன்பால் எழுந்தவை, வணக்கத்துக்குரியவை. ஆயினும் அன்பு எட்டிய ஊர்களில் பள்ளி இருந்தது. எட்டாத ஊர்களில் இல்லை. ஈகையின் பெருமையும் அதன் எல்லையும் இதுவே.

கேட்டுப் பெற்ற வரலாறு

எல்லையை உடைத்தவர்கள் மாற்றுத்திறனாளிகளே. 1980 மார்ச்சில் தலைநகரில் பார்வையற்றோர் தங்கள் கோரிக்கைகளுக்காகப் பேரணி நடத்தித் தடியடி பட்டனர். அதற்கு அடுத்த ஆண்டைத்தான் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளுக்கான உலக ஆண்டு என்று அறிவித்திருந்தது. பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், குடிமைப்பணித் தேர்வைப் பிரெயில் எழுத்திலோ சொல்வதை எழுதுபவரின் துணையோடோ எழுதப் பார்வையற்றோர்க்கு இசைவளிக்க வேண்டும் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995 டிசம்பரில், சக்கர நாற்காலியில் இயங்கிய ஜாவேத் அபிதி முதலானோர் தலைநகரில் திரண்டு சட்டம் வேண்டிக் குரல் எழுப்பினர். அம்மாதமே நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை நிறைவேற்றியது.

2006இல் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. 2007இல் இந்தியா அதனை உறுதி செய்தது. அதன் விளைவாகப் பிறந்த 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. முன்னைய சட்டம் 7 வகைக் குறைகளையே கணக்கில் கொண்டது. இது 21 வகைகளை ஏற்கின்றது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறையுடைய குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. அருகிலுள்ள பொதுப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது குழந்தையின் விருப்பம். அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீடு. பாடநூலும் துணைக்கருவிகளும் 18 வயது வரை விலையின்றி அளித்தல் என அதன் ஏற்பாடுகள் விரிகின்றன. ஈகை ஒப்புரவாக மாறிய கதை இது.

சட்டம் வந்த பின்னும் கேட்க வேண்டியிருக்கின்றது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுடைய ஓர் இளைஞருக்குக் குடிமைப்பணித் தேர்வில் எழுதுபவர் துணை மறுக்கப்பட்டது. 40 விழுக்காடு என்னும் கோட்டைக் காட்டி இத்துணையை மறுத்தல் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குறையின் விழுக்காட்டை மட்டும் கொண்டு ஒருவரை மருத்துவக் கல்வியிலிருந்து விலக்கலாகாது, அவரால் படிப்பைத் தொடர இயலுமா என்று ஆராய வேண்டும் என 2024இல் கூறியது. நீதிமன்றப் படியேறியவர்கள் தமக்காக மட்டும் ஏறவில்லை. பின்வரும் ஒவ்வொருவரும் ஏற வேண்டியிராதபடி ஏறினர்.

"மாணவர்க்குப் போராட்டம் தகுமா? அடக்கமும் நன்றியும் அன்றோ கற்பவர்க்கு அழகு?" என்று பெரியவர்கள் சிலர் வினவுவர். நன்றி, மனம் உவந்து எழும்போது அழகு. பாடநூலுக்கும் வினாத்தாளுக்கும் நாள்தோறும் நன்றி கூறியாக வேண்டிய நிலையில் நிறுத்தப்பட்ட பிள்ளை, தான் மற்றவரினும் தாழ்ந்தவன் என்பதையே முதற்பாடமாகக் கற்கின்றது. தன்னோடு ஒரே வகுப்பில் அமர்பவர் எவரும் கற்காத பாடம் அது.

மறுப்புகள் சில

நேர்மையான மறுப்புகளும் உண்டு. அவற்றைத் தட்டிக் கழித்தல் கூடாது. முதலாவது, தேர்வில் கூடுதல் நேரம். மைய அரசின் நெறிமுறைகளின்படி, தகுதியுடைய மாற்றுத்திறன் தேர்வருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணித் தேர்வு நான்கு மணித் தேர்வாகின்றது. என் மகனுக்கு மூன்று மணி, அவர் மகனுக்கு நான்கு மணி, இது சமமா? தேர்வு எதனை அளக்க வந்தது என்று கேட்டால் விடை கிடைக்கும். வரலாற்றுத் தேர்வு வரலாற்றறிவை அளக்கின்றது. கைவிரலின் விரைவை அன்று. வினாவைப் பிறர் படிக்கக் கேட்டு, விடையைப் பிறர்க்குச் சொல்லி, அவர் எழுதியதைச் சரிபார்ப்பவனுக்கு அந்த ஒரு மணி கூடுதல் இலாபமாவதில்லை. மற்றவர் பெறும் மூன்று மணியை அவனும் பெறுவதற்கு அதுவே வழி. தட்டச்சு விரைவையே அளக்கும் தேர்வாயின் வழக்கு வேறு. அங்கே விரைவே பொருள். இவ்வேறுபாட்டை உணர்ந்து வரையறுப்பதே நேர்மை.

போலிச் சான்றிதழ் காட்டி இடம் பெறுவோர் உண்டு என்பது இரண்டாவது மறுப்பு. உண்டுதான். அது கொடிய குற்றமுமாகும். கள்ள நோட்டு அடிப்பவன் இருக்கின்றான் என்பதற்காக உழைத்தவனின் ஊதியத்தை நிறுத்துவோமா? கள்ளனைப் பிடிப்பது ஆட்சியின் வேலை. அவ்வேலையின் சுமையை மெய்யாகவே கண் தெரியாதவன் தலையில் ஏற்றுதல் முறையன்று.

மூன்றாவது செலவு. ஒரே ஒரு சிறுவனுக்காகப் பள்ளி முழுவதும் சாய்தளம் கட்ட வேண்டுமா? மாடிப்படியும் செலவு செய்தே கட்டப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். நடப்பவர்க்காகச் செய்த செலவு செலவாகத் தோன்றவில்லை. நடவாதவர்க்காகச் செய்வது மட்டும் செலவாகத் தோன்றுகின்றது. கட்டிய சாய்தளத்தில், கால் முறிந்த மாணவனும், கருவுற்ற ஆசிரியையும், ஆண்டுவிழாவுக்கு வரும் பாட்டியும் ஏறுகின்றனர். சட்டமும் வரம்பின்றிக் கேட்கவில்லை. நிறுவனத்துக்குப் பொருந்தாத பெருஞ்சுமையாகாத அளவில், தக்க மாற்றங்களைச் செய்க என்றே கூறுகின்றது.

உரிமை என்று வந்துவிட்டால் அன்பு ஓடிவிடாதா என்பது கடைசி ஐயம். இதுவே ஆழமானது. வகுப்பில் இடம் பெற்றுத் தரச் சட்டத்தால் இயலும். பக்கத்தில் அமர்ந்து உணவைப் பகிர்ந்துகொள்ள ஒரு தோழனைத் தரச் சட்டத்தால் இயலாது. அதனை மனிதரே தர வேண்டும். ஆனால் எவன் தன் அன்றாடத் தேவைக்கே நம் கையை எதிர்நோக்கி நிற்கின்றானோ, அவனோடு நட்புக் கொள்வது அரிது. கடன்பட்டவனுக்கும் கடன் தந்தவனுக்கும் இடையே நட்பு தழைப்பதில்லை. உரிமை அவனை நிமிர்த்திய பிறகே அவன் நமக்குத் தோழனாகின்றான். வள்ளுவர் ஒப்புரவை முன்னும் ஈகையைப் பின்னும் வைத்த முறையில் நான் காணும் பொருள் இதுவே.

சாதித்தால்தானா?

மாற்றுத்திறன் மாணவர்க்காகப் பேசுவோர் பலரும் சாதனையாளர்களைக் காட்டிப் பேசுவர். பார்வையின்றியும் ஆட்சிப்பணியில் அமர்ந்தவர், கையின்றிக் காலால் ஓவியம் தீட்டுபவர் எனப் பட்டியல் நீளும். நானும் அந்தகக்கவியைக் காட்டினேன். அவர்கள் போற்றுதற்குரியர். ஆயினும் இவ்வாதத்தில் ஒரு முள் உண்டு. சாதிப்பான் என்பதற்காகத்தான் கற்பிக்கிறோம் என்றால், சாதிக்க இயலாதவன் என்ன ஆவான்?

அறிவு வளர்ச்சி குன்றிய சிறுமி ஒருத்தி பத்தாண்டு பள்ளி சென்று, தன் பெயரை எழுதவும், பேருந்து எண்ணைப் படிக்கவும், கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கவும் கற்றாள் என வைத்துக்கொள்வோம். அவள் எந்தத் தேர்விலும் வெல்லப் போவதில்லை. அவளுக்காக ஒரு சிறப்பாசிரியரின் ஊதியத்தைச் செலவிட்டது வீணா? சராசரி மதிப்பெண் பெற்றுச் சராசரி வாழ்க்கை வாழும் நம் பிள்ளைகளின் கல்வியை யாரும் வீண் என்பதில்லை. என் போன்ற எழுத்தர் எவரும் வரலாற்றில் இடம்பெறப் போவதில்லை. எனினும் எமக்குக் கல்வி தரப்பட்டது. சாதாரணமாக இருக்கும் உரிமையை மற்றவர்க்குத் தந்துவிட்டு, மாற்றுத்திறனாளியிடம் மட்டும் வியப்பை விலையாகக் கேட்பது அறமன்று. மீதிச் சில்லறையை எண்ணி வாங்கும் சிறுமியை இனி எக்கடைக்காரனும் ஏமாற்ற இயலாது. கல்வியின் பயன் அதனினும் பெரிதாக இருந்தாக வேண்டும் என்பதில்லை.

நம் வீடுகளில்

ஊராரைப் பேசிய நாம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிமாநிலத்தில் வாழும் குடும்பங்களில் இத்தகைய குழந்தை பிறந்தால், ஊரிலுள்ள பாட்டியிடம் விட்டுவிட்டு வருவது உண்டு. "இங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்? மொழி வேறு தெரியாது" என்பர். காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அண்ணனும் தங்கையும் இங்கே படிக்க, ஒருவன் மட்டும் திண்ணையில் வளர்கின்றான். கோடை விடுமுறையில் பெற்றோரைக் காண்பவன், தான் ஏன் அழைத்துச் செல்லப்படவில்லை என்று கேட்கும் வயதை ஒருநாள் அடைவான்.

வேறு சிலர் சான்றிதழ் பெறவே அஞ்சுகின்றனர். வீட்டில் இப்படி ஒரு குழந்தை என்று எழுத்தில் பதிந்துவிட்டால் மூத்த பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்னும் அச்சம் அது. சான்றிதழ் இல்லையேல் கூடுதல் நேரம் இல்லை, உதவித்தொகை இல்லை, ஒதுக்கீடு இல்லை. ஒரு பிள்ளையின் திருமணத்துக்காக மற்றொரு பிள்ளையின் கல்வியை விலைபேசலாமா? தமிழ்நாட்டில் பெற்ற சான்றிதழ் இங்கே செல்லாது என்று எண்ணியிருப்போரும் உளர். 2016ஆம் ஆண்டின் சட்டப்படி அது நாடு முழுவதும் செல்லும். மொழிச்சுமையை அஞ்சுவோர்க்கும் ஒரு செய்தி: மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தில் இத்தகைய மாணவர் இரண்டு மொழிகளுக்குப் பதில் ஒரு மொழி மட்டும் பயில இடமுண்டு. பள்ளி மறுத்தால் மாநில ஆணையரிடமோ, தலைநகரிலுள்ள தலைமை ஆணையரிடமோ முறையிடலாம். முறையீட்டை இரண்டாம் வகை விண்ணப்பமாக எழுதுங்கள். கருணை கூர்ந்து என்று தொடங்க வேண்டா.

சங்கம் செய்யத்தக்க ஒரு பணியைச் சொல்லி முடிக்கின்றேன். பார்வையற்ற தமிழ் மாணவன் இந்நாட்டின் எந்நகரில் படித்தாலும், சொல்வதை எழுதுபவரின் துணையைச் சட்டம் அவனுக்கு அளிக்கின்றது. ஆங்கிலத் தேர்வுக்கும் கணக்குத் தேர்வுக்கும் எழுதுபவர் எளிதில் கிடைப்பர். தமிழ்த் தேர்வுக்கு? இந்தியோ மராத்தியோ வங்காளமோ வழங்கும் ஊரில், லகர ளகர ழகர வேறுபாடு பிழையாமல் எழுதும் கை எங்கே கிடைக்கும்? அது கிடைக்காதபோது, தமிழை விட்டுவிடு என்று பள்ளி சொல்லும். அவனுக்குப் பார்வை இல்லாததோடு தாய்மொழியும் இல்லாமற் போகும். அந்த உரிமையைச் சட்டம் எழுதிவைத்துவிட்டது. அதனை நிறைவேற்றும் கை நம் வீடுகளில்தான் இருக்கின்றது.

எழுதுபவர் தேர்வரினும் கீழ்ப்படிப்பில் இருக்க வேண்டும் என்பது பொது நெறி. ஆதலால் பத்தாம் வகுப்புத் தேர்வருக்கு எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதலாம். சங்கத்தின் தமிழ் வகுப்புகளில் பயிலும் பிள்ளைகளுள் பிழையின்றி எழுதுவோரின் பெயர்களை ஒரு பதிவேட்டில் குறித்து வைப்போம். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரிக்கு முன்னரே, அருகிலுள்ள பள்ளிகளுக்கு அப்பட்டியலை அனுப்புவோம். எழுதச் செல்லும் பிள்ளையிடம் "பாவம், உதவிவிட்டு வா" என்று சொல்லி அனுப்ப வேண்டா. "அவன் சொல்வதை ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டு வா, அது அவனுடைய தேர்வு" என்று சொல்லி அனுப்புவோம். பதிவேட்டைப் பேணும் எழுத்தர் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.